தனப்பிரியா செய்த கண்ணாடிப் பெட்டி

தனப்பிரியாவின் முதல் கம்ப்யூட்டர் பஞ்சடைத்துச் செத்தது. இரண்டாவதும் ஏறக்குறைய அப்படித்தான். அதைக் கழற்றிப் பார்த்த சேலத்து மெக்கானிக், உள்ளே விசிறியைச் சுற்றியிருந்த பஞ்சை ஒரு கைப்பிடி உருவி மேஜைமேல் வைத்து, "ஏனுங்க, இதுல ஒரு தலகாணியே தெச்சிருக்கலாமே" என்றான். அவள் சிரிக்கவில்லை. அந்தப் பஞ்சைக் காகிதத்தில் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். எதற்கு எடுத்து வைத்தோம் என்று இளம்பிள்ளை பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தபோது அவளுக்கே தெரியவில்லை.

விசிறியும் பவர் சப்ளையும் எரிந்துபோயிருந்தன. மதர்போர்டு மட்டும் எப்படியோ தப்பித்திருந்தது. "அடுத்த தடவ இதுவும் போயிருமுங்க. இந்த மாடல் இப்ப எங்கயும் வர்றதில்ல, பாத்துக்கங்க" என்று சொல்லித்தான் அவன் கொடுத்தான்.

அந்தப் போர்டு போனால் என்ன ஆகும் என்பது மெக்கானிக்கைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். சேலை டிசைன் போடும் மென்பொருளின் உரிமம் அந்த ஒரு போர்டின் எண்ணோடு கட்டப்பட்டது. வேறு மெஷினில் போட்டால் திறக்காது. விற்ற கம்பெனி அந்தப் பழைய பதிப்பைக் கைவிட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. கல்யாணத்துக்கு முன் அவள் நாலு வருஷம் வேலை பார்த்த சேலம் ஃபேர்லேண்ட்ஸ் டிசைன் ஆபீஸில் மூலையில் கிடந்த சின்ன மெஷின்தான் இந்த இரண்டாவது கம்ப்யூட்டர். முதல் கம்ப்யூட்டர் செத்த செய்தி கேட்டு, அங்கே முதலாளியாக இருந்த சரிதா மேடம், "எங்களுக்கு வேண்டாம் தனா, நீ எடுத்துட்டுப் போ" என்று கொடுத்திருந்தார்.

தனப்பிரியா பிறந்தது பரமத்தி வேலூர்ப் பக்கம், வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பத்தில். நாமக்கல்லில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தாள். வாக்கப்பட்டது தறிக்காரர் வீட்டில். வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் ஆறு விசைத்தறிகள். கொட்டகைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு அறை. அதில்தான் அவள் மேஜை; தறிகளிலிருந்து பறக்கும் பஞ்சு நேராக அங்கேதான் வரும். கணவன் பூபதி சேலைக் கட்டுகளை எடுத்துக்கொண்டு பெங்களூரு, மைசூரு என்று போய்விடுவான். வாரத்தில் மூன்று நாள் வீட்டில் இருந்தால் அதிகம். மாமியார் கல்யாணத்துக்கு முந்தின வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் மிச்சம் இருப்பது மாமனார் சின்னுசாமி.

காலையில் பத்து மணி வரைக்கும் அவள் தார் சுற்றுவாள். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் சின்னக் கட்டைகளில் ஊடை நூலைச் சுற்றும் வேலை. அவளை விட்டால் அதற்கு வீட்டில் ஆளில்லை. அதனால்தான் சேலத்துக்கு வேலைக்குப் போகிற பேச்சே எழவில்லை. பத்துக்கு மேல் மூன்று மணி வரைக்கும் கம்ப்யூட்டர். வந்ததெல்லாம் சில்லறை வேலை. யாரோ போட்ட பார்டரை இரண்டு விரல்கடை அகலமாக்குவது, யாரோ போட்ட புட்டாப் பூவைத் திருப்பிப் போடுவது. ஃபேர்லேண்ட்ஸில் இருந்த நாலு வருஷமும் அவள் போட்டது ஆபீஸ் பேரில்தான் போனது. இது தனப்பிரியா போட்ட டிசைன் என்று ஒரு சேலைகூட இதுவரை தறியேறியதில்லை.

மூன்றாவது தடவை பஞ்சு உள்ளே போகக்கூடாது. போனால் தன் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இரும்புப் பெட்டிக்குள் என்ன நடக்கிறதென்று தெரியாமல் இருந்ததால்தானே இரண்டு தடவையும் ஏமாந்தோம் என்று நினைத்தாள். அப்படித்தான் கண்ணாடிப் பெட்டி யோசனை வந்தது. கண்ணாடி என்று வீட்டில் எல்லாரும் சொன்னாலும் அது அக்ரிலிக் ஷீட். ஐந்து மில்லிமீட்டர் தடிமன்.

பெட்டியின் ஆறு பக்கங்களையும் சேலை டிசைன் போடும் அதே மென்பொருளில்தான் வரைந்தாள். ஒரு கட்டம் ஒரு மில்லிமீட்டர். முன்பக்கம் இரண்டு பெரிய விசிறிகள், பின்னால் காற்று வெளியேறத் துளைகள். முந்தானைக்குப் புட்டா அடுக்குவது போல அந்தத் துளைகளை வரிசை மாற்றி வரிசை மாற்றி அடுக்கினாள். அம்மாபேட்டையில் பெயர்ப்பலகை செய்யும் காளிதாஸ் என்பவரிடம் லேசர் மெஷின் இருந்தது. அவர் வெட்டிக் கொடுத்த துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துப் பார்த்தால், ஒன்றும் ஒன்றோடு பொருந்தவில்லை. மேல்மூடி பக்கவாட்டில் உட்கார மாட்டேன் என்றது. பக்கப்பலகை முன்பலகையை முட்டிக்கொண்டு வெளியே நின்றது.

எல்லாத் துண்டுகளையும் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பார்த்த பிறகுதான் புரிந்தது. அவள் நீளத்தையும் அகலத்தையும் மட்டும் போட்டிருந்தாள். தடிமனைக் கணக்கில் எடுக்கவே இல்லை. இத்தனை வருஷமும் வரைந்ததெல்லாம் துணி. துணிக்கு யார் தடிமன் பார்க்கிறார்கள்?

திரும்ப அம்மாபேட்டைக்குப் போனபோது காளிதாஸ் கேட்டார்: "ஏனுங்க, நீங்க டெய்லருங்களா?"

"இல்லைங்க. ஏன்?"

"அளவு எடுத்த தினுசு அப்படி. இது மடியாதுங்க."

இரண்டு துண்டுகளை மட்டும் புதிதாக வெட்டிக்கொண்டாள். மற்றவற்றை வீட்டிலேயே இரும்பு ரம்பத்தால் அறுத்து, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க விளிம்பு பால் மாதிரி வெளுத்து, இன்னும் மெல்லிய தாளில் தேய்த்தபோது மெல்லத் தெளிந்து வந்தது. முதல் துளையை டிரில் மெஷினில் வேகமாகப் போட்டதில் ஷீட் விரிசல் விட்டது. அந்தக் கீறல் துளையிலிருந்து விளிம்புக்கு வளைந்து வளைந்து போனது. கையில் மெஷினோடு அது போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அடுத்த துளைக்குக் கீழே கட்டை கொடுத்து, சொட்டு சொட்டாகத் தண்ணீர் விட்டு, நிறுத்தி நிறுத்திப் போட்டாள். ஒரு துளைக்குப் பத்து நிமிஷம் ஆனது.

ஒட்டுவதற்குக் காளிதாஸ் ஒரு குப்பி கொடுத்திருந்தார். ஊசியில் எடுத்து இரண்டு பலகை சேருமிடத்தில் விட்டால் தண்ணீர் போல ஓடி உள்ளே போய்ப் பிடித்துக்கொள்ளும். சிந்திய ஒரே ஒரு சொட்டு முன்பலகையின் மூலையில் மேகம் மாதிரி வெள்ளையாக நின்றுவிட்டது. விசிறிகளுக்கு முன்னால் பஞ்சைத் தடுக்க, ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில் வாங்கிய மெல்லிய வலையைச் சட்டத்தில் இழுத்து ஒட்டி, இழுப்பறை போல உருவி எடுக்கிற மாதிரி வைத்தாள். பக்கப்பலகைக்கு மட்டும் பசை போடவில்லை. நாலு பித்தளைத் திருகு. ஸ்குரூ டிரைவர் வேண்டாம், விரலாலேயே திருகித் திறக்கலாம். அந்த நாலு திருகில்தான் அவளுக்குப் பெருமை அதிகம்.

ஆடி மாதம் ஒரு மத்தியானம் பெட்டி முடிந்தது. உள்ளே போர்டு, அதன் ஓரத்தில் பிளக் போட்டிருக்கும்வரை எப்போதும் எரியும் ஒரு சின்னப் பச்சை விளக்கு, சுற்றுகிற விசிறி எல்லாம் வெளியே தெரிந்தன. சின்னுசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து, மேஜை முன்னால் குந்த வைத்து உட்கார்ந்தார்.

"அம்மிணி, மீன் எப்ப உடுவ?"

"போங்க மாமா."

"இல்ல, தொட்டி ரெடியாயிருச்சு, மீனக் காணமேன்னு கேட்டேன்."

அடுத்த நாளிலிருந்து தண்ணீர் குடிக்க வரும்போதெல்லாம் அவர் அந்த அறைக்கு வந்து விசிறியைப் பார்த்துவிட்டுத்தான் போனார். பக்கத்து வீட்டுப் பெருமாயியைக் கூட்டி வந்து காட்டினார். தறியில் பாவு நூலைப் பிணைக்க வந்த ஆளைக் கூட்டி வந்து காட்டினார். "எம் மருமக கையால செஞ்சது. கடையில கெடைக்காது" என்பார். பெருமாயி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "உள்ள வெளக்கெல்லாம் எரியுது, ஒரு முருகன் படத்த வெச்சாக் கோயிலாட்டம் இருக்கும்" என்றாள். தனப்பிரியாவுக்குக் கூச்சமாக இருந்தது. வலை எதற்கு, காற்று எந்தப் பக்கம் போகிறது, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று மாமனாரிடம் அவள் எடுத்துச் சொன்னதே இல்லை. அவரும் கேட்டதில்லை.

ஆவணியில் வேலுசாமி வந்தார். கம்ப்யூட்டர் கோப்பைப் படித்து டிசைன் நெய்யும் எலக்ட்ரானிக் ஜக்கார்டு தறி பன்னிரண்டு ஊரில் வைத்திருப்பவர். பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அம்மிணி, விஜயதசமிக்குப் பொங்கல் சேலை ஆரம்பிக்கோணும். புது டிசைன், யாரும் போடாதது. நீ போட்டுக் குடு. காலைல ஏழரைக்குள்ள தறியில ஏத்தோணும், நல்ல நேரம் அதோட முடியுது. டிசைன் புடிச்சுப்போச்சுன்னா, இனிமே பன்னண்டு தறிக்கும் நீதான்."

"எம் பேருலீங்களாண்ணா?"

"பின்ன எம் பேருலயா? எனக்குக் கோடு போடவே வராது."

நாற்பது நாள் அவள் அதிலேயே கிடந்தாள். முந்தானை முழுக்க அகத்தி மரத்தில் ஏறும் வெற்றிலைக் கொடி. பார்டரில் அகத்திப் பூ தலைகீழாகத் தொங்கும். கொடி ஒரு இடத்திலும் முறியாமல், ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று தொடங்குகிற இடம் தெரியாமல் போக வேண்டும். அந்த இணைப்புக்கே பத்து நாள் ஆனது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் எல்லாம் முடிந்தது. தறி படிக்கிற கோப்பாக மாற்றிப் பென் டிரைவில் ஏற்றுவது மட்டும் பாக்கி. கண் எரிந்ததால், ஒரு தடவை புதுக் கண்ணோடு பார்த்துவிட்டு நாளை மத்தியானம் மாற்றிக்கொள்ளலாம் என்று அணைத்துவைத்தாள்.

அன்றைக்கே சின்னுசாமி பெட்டியருகே குந்தியிருந்து, "உள்ள பஞ்சு புடிச்சிருக்குது அம்மிணி" என்றார். உண்மைதான். வலையையும் தாண்டி மாவு போன்ற பஞ்சு உள்ளே போய், போர்டின் நடுவிலிருந்த அலுமினியத் தகடுகளுக்கிடையே வெள்ளையாகப் படிந்திருந்தது. அவளும் ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"ஆமாங்க மாமா. இந்த வேல முடியட்டும், பாத்துக்கலாமுங்க."

"பாவம், மூச்சு முட்டுமில்ல அதுக்கு."

மறுநாள் ஆயுத பூஜை. ஆறு தறியையும் நிறுத்தியாயிற்று. விடிந்ததிலிருந்து சின்னுசாமி கம்ப்ரெசரை ஓட்டித் தறிகளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். வருஷத்தில் அந்த ஒரு நாள் கொட்டகையின் மூலை முடுக்கிலெல்லாம் பஞ்சு பறந்து, மழை பெய்து ஓய்ந்தது போல எல்லாம் கறுப்பாகத் துலங்கும். அவள் சமையலறையில் சுண்டலுக்கு வேகவைத்துக்கொண்டிருந்தாள். உஸ்ஸென்று காற்று அடிக்கிற சத்தம் காலையிலிருந்தே கேட்டுப் பழகிப்போயிருந்தது. பதினொன்றரை இருக்கும். அதே சத்தம் வரக்கூடாத பக்கத்திலிருந்து வந்தது.

கரண்டியோடு ஓடினாள். ஜன்னல் கம்பி வழியாகக் கம்ப்ரெசரின் ரப்பர் குழாய் அறைக்குள் வந்திருந்தது. பக்கப்பலகையைக் கழற்றி, கீறல் விழாமல் இருக்கத் தன் துண்டை மடித்து அதன்மேல் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார் சின்னுசாமி. நாலு பித்தளைத் திருகும் ஒரு கிண்ணத்தில் இருந்தன. கையில் காற்றுத் துப்பாக்கி. விசிறி, காற்று பட்ட வேகத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

"பாரு அம்மிணி, புதுசாட்டம் ஆயிருச்சு. தறிக்கு அடிச்சுட்டு இதுக்கு மட்டும் அடிக்காம உட்டா நல்லாருக்குமா?"

அலுமினியத் தகடுகள் பளபளவென்று இருந்தன. ஒரு பொட்டுப் பஞ்சு இல்லை. ஆனால் போர்டு முழுக்கச் சின்னச் சின்னத் தண்ணீர்த் துளிகள். புரட்டாசி மழைக்காற்றின் ஈரத்தில் கம்ப்ரெசர் டாங்கியில் தண்ணீர் தேங்கும்; ஓட்டும்போதெல்லாம் அதை முதல் வேலையாகத் திறந்துவிடுவார். இன்றைக்கு இருட்டோடு ஆரம்பித்த அவசரத்தில் விட்டுப்போயிருந்தது. தறிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இரும்பு, துடைத்துவிட்டு எண்ணெய் போட்டால் முடிந்தது.

ஓரத்தில் அந்தப் பச்சை விளக்கு எரியவில்லை.

"ஏனுங்க மாமா... பிளக்கப் புடுங்கினீங்களா?"

"நீதான் நேத்தே அணைச்சுட்டியே சாமி."

அணைத்தாலும் பிளக் சொருகியிருக்கும்வரை போர்டில் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். அவள் போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள். இனிப் பிடுங்கி என்ன என்று தெரிந்தேதான் பிடுங்கினாள். சின்னுசாமி அவள் முகத்தைப் பார்த்தார். துப்பாக்கியை மெதுவாகத் தரையில் வைத்தார்.

"தப்பாப் பண்ணிப்போட்டனா?"

"இல்லைங்க மாமா" என்றாள்.

பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தாள். பெட்டியை மாடிக்குத் தூக்கிப்போய், மேலே பழைய வேட்டியைப் போர்த்தி வெயிலில் வைத்தாள். வெயில் மேகத்துக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து போன் செய்தாள்.

மெக்கானிக் எடுத்தான். பின்னால் மணி அடிக்கிற சத்தம் கேட்டது. "டூல்ஸெல்லாம் சாமிகிட்ட இருக்குதுங்க. பொட்டு வெச்சாச்சு. நாளைக்குப் பத்தரைக்கு மேல வாங்க."

"ஏழரைக்குள்ள வேணுமுங்க."

"சேலத்துல இன்னிக்கு யாருங்க ஸ்குரூ டிரைவரத் தொடுவாங்க? நீங்க தொடுவீங்களா?"

இன்னும் இரண்டு பேரிடம் கேட்டாள். ஒருவர் எடுக்கவில்லை, இன்னொருவர் அதையே வேறு மாதிரி சொன்னார். அப்புறம் ஃபேர்லேண்ட்ஸுக்கு. சரிதா மேடம், "சிஸ்டத்துக்கெல்லாம் மால போட்டாச்சும்மா. உனக்காகத் திறப்பேன், அதில்ல பிரச்சனை. நாங்க புதுசுக்கு மாறிட்டோம். உன் ஃபைல் இதுல திறக்காது தனா. அந்தப் பழசு இருக்கறது உங்கிட்ட மட்டும்தான்" என்றார்.

பூபதி பெங்களூரிலிருந்து பேசினான். கேட்டதும் முதலில் சொன்னது, "அப்பா மேல கோவிச்சுக்காத."

"நான் கோவிச்சுக்கலைங்க."

"அப்பறம் ஏன் கொரலு அப்படி இருக்குது?"

கோபம் என்றால்கூட அதை யார்மேலாவது வைக்கலாம். மாமா தன் துண்டை மடித்துப் போட்டல்லவா பலகையைச் சாய்த்து வைத்திருந்தார்! விரலால் திறக்கிற திருகு வைத்தது யார்? பஞ்சு தெரியட்டும் என்று கண்ணாடியாகச் செய்தது யார்? இரும்புப் பெட்டியாக இருந்திருந்தால் உள்ளே பஞ்சு இருப்பது அவர் கண்ணில் பட்டே இருக்காது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் கையால் செய்ததுதான் வந்து நின்றது.

மூன்று மணிக்குப் பெட்டியைக் கீழே கொண்டுவந்தாள். போர்டைக் கழற்றிப் பின்பக்கமும் காய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஸ்குரூ டிரைவர் வேண்டும். அது மேஜை டிராயரில் இல்லை. சாமி படத்துக்கு முன்னால், நாடா, கத்தரி, ஸ்பேனர் எல்லாவற்றோடும் வரிசையாக, பிடியில் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கிடந்தது. காலையிலேயே சின்னுசாமி எடுத்து வைத்திருக்கிறார். பக்கத்தில் அவளுடைய பென் டிரைவ். அதற்கும் ஒரு பொட்டு.

அவள் அங்கேயே நின்றாள். எடுத்தால் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார் என்று தெரியும். அதனாலேயே கை போகவில்லை. ஊரே தொடாமல் வைத்திருப்பதை, தொடக்கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லாத மனிதர் வீட்டில் எப்படித் தொடுவது?

பின்னால் செருமுகிற சத்தம் கேட்டது. சின்னுசாமி வந்து, குனிந்து, அந்த ஸ்குரூ டிரைவரை எடுத்தார். வேட்டி நுனியால் சந்தனத்தைத் துடைத்தார்.

"புடி."

"மாமா, பூஜ இன்னும்..."

"புடிங்கறன்ல. அப்பறம் கழுவி வெச்சுக்கலாம்."

அவர் கதவோரம் நின்றார், உள்ளே வரவில்லை. அவள் போர்டைக் கழற்றித் திருப்பினாள். பின்பக்கம் காய்ந்துதான் இருந்தது. பவர் கேபிள் வந்து சேரும் இடத்தில் மட்டும் மிளகுத் தூள் அளவு ஒரு கறுப்பு. முகர்ந்து பார்த்தாள், தீய்ந்த வாசனை. இருந்தாலும் திரும்பப் பூட்டினாள். பேட்டரியைக் கழற்றிப் போட்டாள். பிளக்கைச் சொருகினாள். பச்சை விளக்கு எரியவில்லை. வேறு பிளக் பாயிண்டில் சொருகினாள். எடுத்து, எண்ணிப் பத்து வரை பொறுத்து, மறுபடி சொருகினாள். சமையலறையில் சுண்டல் அடிப்பிடித்த வாசம் வந்தது. போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, இன்னொரு தடவை சொருகினாள்.

கதவோரத்திலிருந்து, "எரியுதா சாமி?" என்றார்.

"இல்லைங்க மாமா."

அவர் கொட்டகைக்குப் போய்விட்டார். அங்கே ஒரு தறியும் ஓடவில்லை, செய்வதற்கு வேலை எதுவும் இல்லை. ஆனாலும் பூஜைக்குக் கூப்பிடும் வரைக்கும் அங்கேயேதான் இருந்தார்.

ஐந்து மணிக்கு வேலுசாமிக்குச் சொன்னாள். நடந்ததைச் சொன்னாள், மாமனார் பெயரை எடுக்கவில்லை. தண்ணீர் பட்டுவிட்டது என்று மட்டும் சொன்னாள்.

"ஐயோ அம்மிணி. கொஞ்சம்கூட வழியில்லையா?"

"இல்லைங்ணா. எல்லாம் உள்ளதான் இருக்குது, எடுக்க முடியல."

"நல்ல நாளும் அதுவுமா பன்னண்டு தறிய வெறுமனே நிறுத்தி வெக்க முடியாது. ஈரோட்டுக்காரர் ஒண்ணு அனுப்பியிருக்கறாரு. பரவால்ல ரகந்தான். இனிமே பன்னண்டு தறி டிசைனும் அவருக்கே தந்தாத்தான் செய்வாராம்."

"அதையே போட்டுருங்கண்ணா."

"மனசுல வெச்சுக்காத."

"இல்லைங்ணா."

பூஜை நடந்தது. பொரியும் அடிப்பிடிக்காத மேல்சுண்டலும் வைத்தார்கள். சின்னுசாமி ஆறு தறிக்கும் தீபம் காட்டிவிட்டு வந்து, அந்த அறைக் கதவருகே தயங்கி, பெட்டிக்கும் காட்டினார். அவள் கையை நீட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்றைக்கு அவர் சாப்பிடவும் இல்லை. வயிறு சரியில்லை என்றார்.

விஜயதசமி காலை எட்டு மணிக்கு அவள் தார் சுற்றிக்கொண்டிருந்தபோது போனில் ஒரு படம் வந்தது. வேலுசாமி அனுப்பியது. ஊரில் எல்லாருக்கும் சேர்த்து அனுப்பியிருப்பார். குங்குமம் வைத்த தறி, மேலே மல்லிகைச் சரம், ஒரு சாண் நீளத்துக்குப் புதுச் சேலை. மாங்காய்ப் பார்டர். பரவாயில்லை ரகம் என்று அவர் சொன்னது சரிதான். அழகாகவே இருந்தது.

மூடிவிட்டுப் போகலாம் என்று நினைத்தவள், பழக்கத்தில் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். பார்டரில் மாங்காயைச் சுற்றிப் போகும் கொடி, ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்குகிற இடத்தில் ஒரு நூல் தள்ளி நின்றது. இன்னும் பெரிதாக்கினாள். அடுத்த சுற்றிலும் அதே இடத்தில், அதே ஒரு நூல். படத்தின் பிழை இல்லை, டிசைனின் பிழை. நெருக்கிப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் ஐந்தரை மீட்டர் நெய்து, மடித்துக் கடையில் அடுக்கும்போது ஓரம் முழுக்கப் பல் பல்லாகத் தெரியும். பன்னிரண்டு தறி. முதல் பத்து இருபது சேலை வெளியே போகும் வரைக்கும் அங்கே ஒருத்தர் கண்ணிலும் படாது.

நூல் சுற்றும் மெஷினை நிறுத்தினாள். போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாள். சரக்கு திரும்பி வரும். ஈரோட்டுக்காரருக்குக் கெட்ட பேர். வேலுசாமி இந்த வாசலுக்கு வருவார். வந்து, உன்னுதக் குடு அம்மிணி என்பார். அப்போது மட்டும் என்னத்தை எடுத்துக் கொடுப்பது? அந்தப் போர்டு இந்த ஊரில் இல்லை, எங்குமே இல்லை. நாற்பது நாள் வேலை ஹார்ட் டிஸ்கில் அப்படியே பத்திரமாக இருக்கிறது, திறக்கத்தான் உலகத்தில் வழியில்லை. யாராவது தோற்றால்கூட அவளுக்கு அதில் ஒன்றும் கிடைக்கப்போவதில்லை.

'அண்ணா, பார்டரில் கொடி சேரும் இடத்தில் ஒரு நூல் தள்ளியிருக்கிறது' என்று எழுதினாள். அழித்தாள். மறுபடி எழுதி, படத்தில் அந்த இடத்தைச் சிவப்பில் வட்டமிட்டு அனுப்பினாள்.

இரண்டு நிமிஷத்தில் போன் வந்தது. பின்னால் தறிச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்குவது கேட்டது.

"அம்மிணி! ஆமா, இருக்குது! நான் மூக்க வெச்சுப் பாத்தாத்தான் தெரியுது. அவருக்கு இப்பவே போனப் போட்டு மாத்தச் சொல்லறேன். இல்லன்னா சரக்கு அத்தனையும் திரும்பி வந்திருக்கும். நல்லா இருப்ப சாமி, நல்லா இருப்ப."

"சரிங்ணா."

வைத்துவிட்டார். கொட்டகை வாசலில் சின்னுசாமி எண்ணெய்க் குப்பியோடு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"வேலுசாமியா?"

"ஆமாங்க மாமா."

"என்னவாம்?"

"சேல தறியேறியிருச்சாமுங்க. நல்லா வந்திருக்குது."

அவர் முகத்தில் ஒரு நொடி என்னவோ எழுந்தது. "உன்னுதா?" என்றார்.

"இல்லைங்க மாமா" என்று சொல்லிவிட்டு, அறுந்திருந்த நூலை எடுத்து முடிச்சுப் போட்டு, அவள் மெஷினை ஓட்டினாள்.